திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மணி அடித்தால் அப்பா டி.வி. சத்தத்தைக் குறைப்பார். அம்மா அடுப்பைத் தணிப்பாள். "வந்துட்டாரு" என்று யாராவது ஒருவர் சொல்வோம். கொல்கத்தா பவானிபூரில் எங்கள் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. அவர் டாக்குரியாவிலிருந்து பேருந்து பிடித்து, பெரிய சாலையில் இறங்கி, மழை இல்லாத நாளிலும் குடையோடு நடந்து வருவார். செருப்பைக் கழற்றிச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைப்பார். உட்காரச் சொன்னால் உட்காரமாட்டார். நின்றபடியே வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்பார்.

"ஒனக்கு எம் மேல ஏதும் உண்டா?"

வருத்தமோ கோபமோ மனத்தாங்கலோ, இருந்தால் சொல்லிவிட வேண்டும். இல்லை என்று எல்லோரும் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார். அம்மா முன்கூட்டியே டீயை நீட்டினால், இதைக் கேட்டு முடித்துவிடுகிறேன், பிறகு குடிப்போம் என்று தள்ளி வைப்பார். பத்து வயதில் என்னிடமும் அதே கேள்விதான், அதே மரியாதைதான். ஞாயிறு பள்ளியில் அவர் என் பென்சிலைப் பிடுங்கியது எனக்கு ஞாபகம் இருந்தும், டீ ஆறிப்போகிறதே என்று இல்லை என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளைகளுக்குள் அவர் பெயர் சனிக்கிழமை அங்கிள்.

அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன். அவரை எனக்குப் பிடிக்கும் என்று எழுதினாலும் பொய், பிடிக்காது என்று எழுதினாலும் பொய். அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகியும் என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

எங்கள் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பழைய ஆலயம் ஒன்றில் காலையில் வங்காளிகளின் ஆராதனை நடக்கும். மாலை நாலரைக்கு அதே பெஞ்சுகளில் தமிழ் ஆராதனை. நாற்பது குடும்பம் தேறாது. ரயில்வேக்கும் மற்ற அரசு வேலைகளுக்கும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். எங்களுக்கென்று ஐயர், அதாவது போதகர், கிடையாது. முதல் ஞாயிறு மட்டும் கரக்பூரிலிருந்து ஒரு ஐயர் ரயிலேறி வருவார். அதனால் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்தும் மாதத்துக்கு ஒருமுறைதான். அன்றைக்குத் தவறினால் இன்னும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அங்கிள் ரயில்வே அலுவலகத்தில் சூப்பரின்டெண்ட், சபையில் செக்ரட்டரி. திருவிருந்துக்கு வேண்டிய திராட்சரசத்தைக்கூட அவரே வீட்டில் காய்ச்சி, துணியில் வடிகட்டி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவருவார்.

பீடத்துக்குப் போகுமுன் பிறரோடு மனஸ்தாபத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்று வேதத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். நாங்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். அவர் பேருந்து பிடித்துக் கிளம்பிவிடுவார். அவ்வளவுதான் அவருக்கும் எங்களுக்கும் வித்தியாசம்.

டாக்குரியா மார்க்கெட்டில் மீன் விற்கிறவர் ஒருவரிடம், நாலு பேர் முன்னால், நேற்றைய மீனை விற்கிறாய் என்று சொல்லிவிட்டு, அந்த மீனையே வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டில் அவர் மனைவி, எங்கள் ஆன்ட்டி, செவுளைத் திறந்து பார்த்து, ரத்தம் மாதிரி சிவந்திருக்கிறது, இதைப்போய் பழசு என்றீர்களா என்று கேட்டுவிட்டாள். சனிக்கிழமை அங்கிள் மீன்கடை முன் போய் நின்றார். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் அவருடைய வங்காள மொழி அரைகுறைதான். "ஆமார் ஓப்போர் ராக் ஆச்சே?" என்று கேட்டிருக்கிறார், என் மேல் கோபம் இருக்கிறதா என்று. அந்த மனிதர் மறுபடி சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களையெல்லாம் துணைக்குக் கூப்பிட்டுவிட்டார். விஷயம் விளங்கியதும் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்து, ரூயி மீனில் ஒரு பெரிய துண்டை இலவசமாகப் பையில் போட்டு அனுப்பினார். வீட்டுக்கு வந்த அங்கிளுக்கு அந்தத் துண்டு தொண்டையில் இறங்கவில்லை. மன்னிப்புக் கேட்கப்போய் லாபத்தோடு திரும்பியது சரியா என்று ஆன்ட்டியைக் குடைந்துகொண்டே இருந்தாராம். நீங்கள் சாப்பிடாவிட்டால் நான் சாப்பிடுகிறேன் என்று ஆன்ட்டி தட்டை இழுத்துக்கொண்டாள்.

உங்களிடமும் கேட்பாரா என்று அம்மா அவளிடம் ஒருமுறை விசாரித்தாள். "காலையில பல்லு வெளக்கினதும் மொதக் கேள்வி எங்கிட்டதான். நானும் மாசம் பூரா சேத்து வெச்சிருப்பேன்லா" என்றாள் ஆன்ட்டி. ஒழுகுகிற குழாய், மாற்றாத பல்பு, அவள் தங்கை மகன் கல்யாணத்துக்குப் போகாதது, எல்லாம் அந்தச் சனிக்கிழமை காலையில் வெளியே வருமாம்.

மன்னிப்புக் கேட்பாரே தவிர, சொன்னதை மாற்றிக்கொள்ள மாட்டார். சபையில் பாட்டுக் குழுவை நடத்தியவருக்குத் தன் குரலைப் பற்றிக் கொஞ்சம் பெருமை அதிகம். ஒரு கிறிஸ்துமஸ் முடிந்து, பாட்டு எப்படி இருந்தது என்று அங்கிளிடம் வாயைக் கொடுத்தார். சுதி விலகியிருந்தது என்று பதில் வந்தது. கேக் தின்றுகொண்டிருந்த எல்லோர் காதிலும் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அத்தனை பேர் முன்னால் சொன்னது தப்பு, பொறுத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறார். அப்படியென்றால் பாட்டு நன்றாகத்தான் இருந்ததா என்று அவர் ஆசையாகக் கேட்க, இல்லை, பாட்டும் தப்புதான் என்று சொல்லிவிட்டு டீ குடித்தாராம். எங்கள் வீட்டில் பல நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

அவரைத் தேவ மனுஷன் என்று யாராவது சொன்னால் முகம் சுண்டிவிடும். அப்படிச் சொல்லாதீர்கள், எனக்குத் தூக்கம் வராது என்பார். மற்றவர்கள் கண்ணீரும் கம்பலையுமாகக் கால்மணி நேரம் ஜெபிக்கிற இடத்தில் அவர் மூன்று வாக்கியத்தோடு முடித்துக்கொள்வார். அதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, என் முறை வரும்வரை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. செக்டர் ஃபைவில் ஒரு கம்பெனியில் வேலை. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பையன் சென்னையில் இருந்தான். அலுவலக வேலையாகக் கொல்கத்தா வந்தவனோடு டாக்குரியா ஏரிக்கரையில் இரண்டு சாயங்காலம் நடந்தேன். அவன் நிறையக் கேள்வி கேட்டான், என் பதிலையும் காதுகொடுத்துக் கேட்டான். எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, மிகவும் பிடித்திருந்தது.

அவனிடம் சொல்லவேண்டியது ஒன்று இருந்தது. பதினாலு வயதில் எனக்கு இரண்டு தடவை வலிப்பு வந்திருக்கிறது. ஒருமுறை வீட்டில், ஒருமுறை பெரிய வெள்ளி ஆராதனையில், மொத்தச் சபைக்கும் முன்னால். அன்றைக்கு மற்றவர்கள் சாவிக்கொத்தைக் கொண்டு ஓடிவர, அங்கிள் அவர்களை விலக்கிவிட்டு என்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடங்கும்வரை என் தலையைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தாராம். நான்கு வருடம் மாத்திரை சாப்பிட்டேன். அதன்பிறகு ஒன்றும் வரவில்லை, இனி பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். கல்யாணம் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள் அம்மா. மூன்று நாள் அவளோடு சண்டை போட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவன் வீடியோ காலில் வரும்போது நானே சொல்வதென்று முடிவு செய்தேன். வார்த்தைகளைக்கூட மெட்ரோவில் நின்றபடி மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

வியாழக்கிழமையே பையனின் அப்பா செக்ரட்டரிக்குப் போன் போட்டுவிட்டார். எங்கள் ஆட்களில் அது வழக்கம். ஊரை விட்டு வந்த குடும்பத்தில் பெண் எடுப்பதென்றால் அந்த ஊர்ச் சபையில் விசாரிக்காமல் இருக்கமாட்டார்கள். தங்கமான பிள்ளை, கோவிலுக்குத் தவறாது வரும் என்றுதான் பதில் கிடைக்கும் என்று விசாரிக்கிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் விசாரித்தால்தான் மனசு ஆறும்.

ஞாயிறு அவன் கூப்பிடவில்லை. திங்கள்கிழமை அப்பாவின் வாட்ஸப்புக்கு, கர்த்தருடைய சித்தம் வேறாக இருக்கிறது என்று ஒரு வரி வந்தது. கீழே கும்பிடுகிற கை. கர்த்தரை இவ்வளவு வசதியாக இழுத்துவிட முடியும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் போன் விஷயம் அப்போது எங்களுக்குத் தெரியாது, சொன்னது யாரென்றும் தெரியவில்லை. பாட்டுக் குழுத் தலைவரின் மனைவிதான் என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். இரண்டு வாரம் அந்த அம்மாளைத் திட்டித் தீர்த்தாள். அதன்பிறகு சனிக்கிழமை வந்தது. மணி அடித்தது. செருப்பைச் சுவரோரம் வைத்துவிட்டு உள்ளே வந்தவர் இந்தமுறை கேள்வியோடு ஆரம்பிக்கவில்லை.

"அவுங்ககிட்ட சொன்னது நாந்தான். பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் உண்டான்னு கேட்டாங்க. இருந்தது, இப்ப இல்லன்னு சொன்னேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உங்களுக்கும் ஒரு மகள் இருந்தால் சொல்லியிருப்பீர்களா என்று அப்பா கேட்டார், சத்தமே இல்லாமல். அங்கிள் என் பக்கம் திரும்பி, எப்போதும் கேட்கிற அதே குரலில் அதே கேள்வியைக் கேட்டார்.

"உண்டு" என்றேன்.

எங்கள் வீட்டில் யாரும் அவரிடம் சொல்லியிராத பதில் அது. தலையை ஆட்டினார். குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். டீ அடுப்பிலேயே கொதித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆலயத்தில் வழக்கம்போல அவர்தான் வெள்ளைத்துணி விரித்தார், பாத்திரங்களைத் துடைத்தார், தான் காய்ச்சிய ரசத்தை ஊற்றி வைத்தார். ஐயர் கூப்பிட்டதும் பந்தி பந்தியாக எல்லோரும் எழுந்து போய்ப் பீடத்தின் முன் முழங்கால் போட்டோம். அவர் மட்டும் மூன்றாவது வரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பி வரும்போது அதைப் பார்த்தேன். எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதற்கடுத்த மாதமும் கேட்டார், உண்டு என்றேன். அதற்கடுத்த மாதமும் அப்படியே. அந்த ஒரு சொல்லில் எனக்கு ருசி தட்டிவிட்டது. ஒருநாள் தலை சீவிக்கொண்டே சொன்னேன். ஒருநாள் வேண்டுமென்றே கால்மணி நேரம் நிற்கவைத்துச் சொன்னேன். அவர் ஒருநாளும் போதாதா என்று கேட்டதில்லை.

சபையில் பேச்சு எழுந்தது. ரசத்தைக் காய்ச்சிக் கொண்டுவருகிறவர் ஏன் வாங்குவதில்லை? ரகசியமாகக் குடிக்கிறார் என்றார்கள். ஆபீசில் ஏதோ கையெழுத்து விவகாரம் என்றார்கள். ஐயரே நேரில் கேட்டபோது, ஒரு பிள்ளைக்கு என்மேல் வருத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. வருடம் ஒன்று போனதும், திருவிருந்து வாங்காதவர் செக்ரட்டரியாக இருப்பது முறையல்ல என்று கமிட்டியில் பேசினார்கள். அவர் மறுபேச்சில்லாமல் ஆலயச் சாவியைக் கொடுத்துவிட்டார். ரசம் காய்ச்சுவதை மட்டும் விடவில்லை, வேறு யாருக்கும் அது செய்யத் தெரியாது.

ஒரு சொல்தானே, சொல்லித் தொலையேன் என்று அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அவர்மேல் இருந்த கோபம் எப்போதோ போய்விட்டது, சபையில் பேச்சு வருவதுதான் அவளுக்குப் பெரிது. நச்சரிப்புத் தாங்காமல் அடுத்த சனிக்கிழமை, ஒன்றுமில்லை அங்கிள் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மன்னித்தாலும் நிறுத்துப் பார்த்துத்தான் வாங்குவாரா இந்த மனிதர்? "நீங்க செஞ்சது தப்புன்னு சொல்லுங்க, மன்னிக்கிறேன்" என்றேன்.

பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லையே என்றார், வருத்தமாகவே.

"பொய் சொல்லச் சொல்லல. அந்தப் பிள்ளைகிட்டயே கேட்டுக்கோங்கன்னு சொல்லியிருக்கலாமே? மூணு நாள்ல நானே சொல்லியிருப்பேன். அது என் வாயால வரவேண்டியது அங்கிள். நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அன்றைக்குத்தான் அவர் இல்லை என்ற பதில் கிடைக்காமலேயே எங்கள் நாற்காலியில் உட்கார்ந்தார். குடையை மடியில் வைத்து அதன் கைப்பிடியைத் திருப்பிக்கொண்டிருந்தார். "அது எனக்குத் தோணல" என்றார். கொஞ்சம் கழித்து, "இத்தன நாளும் தோணவே இல்லம்மா" என்றார். உண்மையைச் சொல்லிவிட்டால் தன் வேலை முடிந்தது என்று ஏறக்குறைய அறுபது வருடமாக இருந்தவர். அந்த முகம் இடிந்துபோனதைப் பார்த்தேன். அப்போதாவது நான் இரங்கியிருக்க வேண்டும். நானோ ஜெயித்துவிட்ட தெம்பில் இன்னும் இறுகிப்போனேன். இதை எழுதுகிறபோதே கூசுகிறது.

மொத்தம் இரண்டு வருடம் இப்படியே ஓடியது. அவர் ஓய்வுபெற்றார். நாகர்கோவிலில் மகன் வீட்டோடு போய்விடுவதென்று முடிவாயிற்று. போவதற்கு முந்தின மாதச் சனிக்கிழமை மணி அடித்தது, வந்தார், கேட்டார். லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமல் உண்டு என்றேன். சரிம்மா, நாளைக்குத்தான் இங்கே எனக்குக் கடைசித் திருவிருந்து என்று சொல்லிவிட்டு இறங்கினார். படியில் குடை தட்டுகிற சத்தம் சந்து முனைவரை கேட்டது. என்னால் அதன்பிறகு வேலை செய்ய முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பந்தி முடிந்து, மூன்றாவதில் போக நான் எழுந்து வரிசையில் நின்றேன். பிறரோடு சமாதானமாக இருக்கிறவர்கள் கிட்டே வாருங்கள் என்று ஐயர் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னார். சின்ன வயதிலிருந்து கேட்கிற வார்த்தைகள். அங்கிள் கண்ணை மூடி, இரண்டு கையையும் முழங்கால்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். எனக்குத் திடீரென்று உறைத்தது. மனஸ்தாபம் இருப்பது என் நெஞ்சில். அதற்காக அவர் இரண்டு வருடமாக வெளியே உட்கார்ந்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டிருக்கிற நான் ஒரு மாதம் தவறாமல் போய் வாங்கித் தின்றுகொண்டிருக்கிறேன். அந்தச் சட்டம் அவருக்கு மட்டும்தானா? இத்தனை நுணுக்கம் பார்க்கிற மனிதருக்கு இது கண்ணில் படாமலா இருந்திருக்கும்? ஒருநாள், ஒரே ஒருநாள்கூட, நீ மட்டும் எப்படிப் போகிறாய் என்று அவர் கேட்டதில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அவர்மேல் இன்னும் கோபமும் வந்தது.

வரிசையை விட்டு விலகினேன். பின்னால் வந்தவர் என்மேல் மோதி, என்ன ஆயிற்று என்றார். நான் நடந்துபோய் மூன்றாவது வரிசையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் பதறிப்போய், தலை சுற்றுகிறதா, படுத்துக்கொள்கிறாயா என்று என் தோளைப் பிடித்தார்.

"அதெல்லாம் இல்ல அங்கிள். உங்க மேல எனக்கு இன்னும் இருக்கு. அத வெச்சுக்கிட்டு நான் மட்டும் எப்படிப் போய் வாங்குறது?"

அவர் கையை எடுத்துக்கொண்டார். முன்னால் பாட்டு இழுத்துக்கொண்டிருந்தது, சுதி விலகித்தான். கடைசிப் பந்தி என்று ஐயர் கூப்பிட்டார். மிச்சமிருந்த நாலைந்து பேர் எழுந்து போனார்கள்.

"ஒண்ணு சொல்லட்டா?" என்றார் அங்கிள். "எனக்கும் ஒம் மேல உண்டும்மா. ரெண்டு வருசமா உண்டு. ஒங்க வீட்டுப் படி ஏறும்போதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு எதுக்கு இம்புட்டுக் கல்நெஞ்சுன்னு கறுவிக்கிட்டேதான் ஏறுவேன். ஒங்கிட்ட கேட்டேனே தவிர எங்கிட்ட நான் கேக்கல."

அவர் வாயால் அப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்படியென்றால் இரண்டு பேருமே போக முடியாது என்றேன்.

"மொறப்படி முடியாதுதான்."

கடைசிப் பந்தியும் எழுந்து வந்துவிட்டது. ஐயர் சபையை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, பாத்திரத்தை மூட வெள்ளைத்துணியைக் கையில் எடுத்தார். அங்கிள் முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வா. உள்ளதோட போவோம்."

ஐயர் துணியைக் கீழே வைத்தார். பீடத்தைச் சுற்றி அவ்வளவு நீளமாக ஓடுகிற தடுப்புக் கம்பியின் முன் நாங்கள் இரண்டே பேர் முழங்கால் போட்டோம். அப்பத்துக்கு நீட்டிய அவருடைய இரண்டு கைகளும் பாதியிலேயே தயங்கி நின்றன. எனக்குக் கோபம் போயிருக்கவில்லை. ஆனாலும் அந்தக் கைகள் தாழ்ந்துவிடாமல் கீழே என் கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டேன்.